70 வளைவு, 2 பிரேக்!

கொல்லிமலைக்கு சைக்கிள்லயே கிளம்பிட்டீங்களா? சபாஷ்! காரவள்ளி அடிவாரத்துலயே வண்டியோட விலையை மறந்துடுங்க பாஸ். மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள் காத்திருக்கு. முன்னால 34 பல், பின்னாலயும் 34 பல் இருக்கிற கியர்தான் அங்கே முழங்காலைக் காப்பாத்தும். பெடல் ஒரு சுத்து, சக்கரமும் ஒரே சுத்து! தார் ரோட்டுக்கு 28 மி.மீ. டயர் போதும். மிளகு, அன்னாசித் தோட்டங்களுக்குள்ள நுழையற மண் பாதைன்னா 40 மி.மீ. கிராவல் டயர்.

ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போதுதான் உசிரு சமாச்சாரம்! ரிம் பிரேக்கை விடாம அழுத்திக்கிட்டே வந்தா, ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்னாடியே ரெண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிச்சு, வேகம் குறைஞ்சதும் விட்டுடுங்க. டிஸ்க் பிரேக்னா மழையிலயும் கொஞ்சம் தைரியம். எதிர்ல பஸ் உறுமிக்கிட்டு ஏறுதா? ஓரமா நில்லுங்க. அந்த கேப்புல குரங்குக்கு பிஸ்கட் காட்டிடாதீங்க!