சவர்க்காரக் கட்டியும் சரிவு வெட்டும்

எங்கள் வீட்டு ரீவிக்கு மேலே ஓர் இரும்புத் துண்டு இருக்கிறது. தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்த அளவு. மேலே இருந்து பார்த்தால் சதுரம், கவிழ்த்துப் பார்த்தால் வட்டம். எந்த இடத்தில் சதுரம் முடிந்து வட்டம் தொடங்குகிறது என்று விரலால் தடவினாலும் பிடிபடாது. நல்லூர்த் திருவிழாவுக்கென்று போன வருஷம் சுவிஸிலிருந்து வந்த மாமா, சொக்லேட் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தது.

நாங்கள் என்றால் மூன்று பேர். அக்கா தங்கச்சி பிள்ளைகள், பரந்தனில் ஒரே வளவு. இரண்டு பேர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடம். இளையவன் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படித்தவன். பெறுபேறு வந்த நாளிலிருந்து அவன் வாயில் ஒரே ஒரு சொல்தான்: வெளிநாடு. கிளிநொச்சியில் ஒரு ஏஜென்சிக்காரர் தொகை சொல்லிவிட்டார். வீட்டில் அந்தத் தொகைக்கு இருப்பது வயல் உறுதி மட்டும். மாமா வந்து ஒரு முடிவு சொல்லட்டும் என்று அம்மாக்கள் இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

மாமா முடிவு சொல்லவில்லை. இரும்புத் துண்டைத்தான் எடுத்து மேசையில் வைத்தார். "இது நான் வெட்டினது. கத்தி படேல்ல, அரம் படேல்ல. தலைமயிரை விடக் கொஞ்சம் தடிச்ச கம்பி, அவ்வளவுதான்."

தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இதை 'வயர் கட்டிங்' என்கிறார்களாம். பெரும்பாலும் கால் மில்லிமீற்றர் பித்தளைக் கம்பி. ஒரு சுருளிலிருந்து இறங்கி, மேலே ஒரு வழிகாட்டி, கீழே ஒரு வழிகாட்டி, இரண்டுக்கும் நடுவில் இரும்பு. கம்பி இரும்பில் முட்டவே முட்டாது. இடைவெளியில் மின்பொறி பாயும். ஒவ்வொரு பொறியும் இரும்பில் துளியளவை உருக்கி எடுக்கும், தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு போகும். இரும்பு எவ்வளவு கடினமானாலும் பிரச்சினையில்லை, மின்சாரம் கடத்தினால் போதும். ஒருதரம் ஓடிய கம்பி பிறகு கழிவு.

தண்ணீர் என்றதும் அம்மம்மா குறுக்கிட்டார். "உங்கட அம்மப்பாவும் தண்ணிக்குள்ள கரண்ட் விட்டுத்தானே சம்பளம் எடுத்தவர்." அம்மப்பா பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஆனையிறவு உப்பைக் கரைத்து, அந்த உப்புத் தண்ணீருக்குள் மின்சாரம் பாய்ச்சிக் கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் எடுத்த இடம். குளோரின் குடிதண்ணீர் சுத்திகரிக்க, சோடா சவர்க்காரத்துக்கு. ஐம்பதுகளில் வந்த தொழிற்சாலை எண்பதுகளில் போரோடு நின்றது. எங்களுக்கு அது கட்டிட எச்சமாகத்தான் தெரியும். மாமா சிரித்தார். "அப்பாவுக்கு உப்புத்தண்ணி. கரண்ட் ஓடினால்தான் வேலை. எனக்கு உப்பு இருக்கவே கூடாது. தண்ணியில இருக்கிற உப்பெல்லாத்தையும் வடிச்சு எடுத்துப்போட்டுத்தான் விடுவம். இல்லாட்டிக் கரண்ட் கண்டபாட்டுக்கு ஓடிப்போம், பொறி வராது."

பிறகு அவர் குசினியிலிருந்து ஒரு சவர்க்காரக் கட்டியும் தையல் நூலும் எடுத்துவரச் சொன்னார். ஒருவர் கட்டியைப் பிடிக்க, ஒருவர் நூலின் மேல் நுனி, ஒருவர் கீழ் நுனி. நேராக இழுத்தோம், வடிவாக வெட்டுப்பட்டது. "இப்ப மேல் கையை மட்டும் கொஞ்சம் வெளியால கொண்டு போ." சரிவாக வெட்டுப்பட்டது. மெசினும் இதைத்தான் செய்கிறது. மேல் வழிகாட்டியைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கம்பி சாயும். கீழே வட்டப் பாதை, மேலே சதுரப் பாதை. நீளங்கள் வேறு வேறு, ஆனால் இரண்டும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிய வேண்டும்.

"இன்னும் சரி" என்றார். சரித்தோம். கட்டியின் விளிம்பில் நூல் வளைந்து, வெட்டு கோணலாகப் போய், கடைசியில் நூல் அறுந்தது.

அங்கேதான் வேலையே இருக்கிறது என்றார் மாமா. ஒன்றிரண்டு பாகை சரிவு யாரும் வெட்டலாம். முப்பது பாகை என்றால் கதை வேறு. வழிகாட்டிகளுக்கு நடுவே 100 மில்லிமீற்றர் உயரம் இருந்தால், மேலே உள்ளது கிட்டத்தட்ட 58 மில்லிமீற்றர் தள்ளிப் போக வேண்டும். 45 பாகைக்கு முழு 100. விறைப்பான கம்பி வழிகாட்டியின் வாயில் சட்டென்று மடியாது, மெல்ல வளைந்துதான் போகும். அதனால் கணக்கில் போட்ட கோணம் வேறு, இரும்பில் விழும் கோணம் வேறு. ஆகவே மெதுவான கம்பி போடுவார்கள், வாய் அகன்ற வழிகாட்டி மாட்டுவார்கள். தண்ணீர் நேராகக் கீழே பீச்சும், கம்பியோ சாய்ந்து நிற்கும். வெட்டின் ஆழத்துக்குத் தண்ணீர் போகாது. உருகிய தூள் உள்ளே தேங்கினால் கம்பி அறும். மின்சாரத்தைக் குறைத்து, பொறுமையாகப் போக வேண்டும். வழிகாட்டிகளின் உயரத்தை ஒரு நூறில் ஒரு பங்கு மில்லிமீற்றர் பிழையாக அளந்தால், அதில் பாதிக்கு மேல் வெட்டில் பிழையாக வரும். அதனால் முதலில் ஒரு பரீட்சைத் துண்டு வெட்டி அளந்து பார்ப்பார்கள். ரீவிக்கு மேலே இருப்பது அப்படியான ஒன்றுதான். விற்பதற்கில்லை.

பிறகு நாங்கள் போனில் தேடிப் படித்தோம். 1943இல் மொஸ்கோவில் லசரென்கோ என்ற கணவனும் மனைவியும் மின்பொறியால் ஆளிகளின் தொடுமுனைகள் அரிபடுவதை நிற்பாட்ட முயன்றார்களாம். நிற்பாட்ட முடியவில்லை. ஆனால் அந்த அரிப்பைக்கொண்டே இரும்பை வெட்டலாம் என்று கண்டுபிடித்தார்கள். சுவிஸில் லொசோன் என்ற சின்ன ஊரிலிருந்த அஜி கொம்பனி 1969இல் எண்களால் இயங்கும் கம்பி மெசினைக் கொண்டுவந்தது. கேட்டதும் கலைப்பீடக்காரர் இரண்டு பேரும், "அழிவையே ஆயுதமாக்கி..." என்று கவிதை மாதிரித் தொடங்கினோம். மாமா மறித்தார். "பிள்ளையள், இது கம்பி."

இரவு, அம்மாக்கள் படுத்த பிறகு இளையவன் நேராகவே கேட்டான். "அப்ப என்னைக் கூப்பிடுவீங்களோ மாமா?"

மாமா கனநேரம் கதைக்கவில்லை. பிறகு சொன்னது இதுதான். சுவிஸ் போய்ப் பதினொரு வருஷம் அவர் ரெஸ்ரோறன்ட் குசினியில் கோப்பை கழுவினார். வீட்டுக்கு அனுப்பிய படங்களில் குசினி இல்லை. பட்டறைக்குள் முதலில் போனது கூட்டித் துடைக்க. ஒருநாள் கம்பி அறுந்து மெசின் நின்றபோது, பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தபடியால் கோத்துக் கொடுத்தார். அப்படித்தான் தொழில் வந்தது. "நான் ஒண்டும் தெரியாமல் போனனான். நீயும் ஒண்டும் தெரியாமல் வா எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்ல. வரவேண்டாம் எண்டு சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. நான் போனவன்."

எங்களுக்குக் கோபம் வந்தது, உண்மை. இத்தனை வருஷம் அவர் அனுப்பிய காசில் படித்துக்கொண்டு, அவருடைய பதினொரு வருஷத்தை ஒருவரும் கேட்டதில்லை என்ற கோபம். அது அவர்மேல் இல்லை, எங்கள்மேல்தான் என்று விளங்கவும் சில நாள் எடுத்தது. இந்த மண்ணின் தொழிலாளர் வரலாறு பற்றி ஒப்படை எழுதிப் புள்ளி வாங்கியவர்கள் நாங்கள். வீட்டுக்குள் இருந்த இரண்டு தொழிலாளரிடமும் ஒரு கேள்வி கேட்டதில்லை. அம்மப்பாவிடம் இனிக் கேட்கவும் ஏலாது.

மாமா போய்விட்டார். இளையவன் அறிவியல் நகரில் இருக்கிற இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான். ஏஜென்சிக்காரரின் இலக்கத்தையும் அழிக்கவில்லை. வயல் உறுதி அலுமாரிக்குள்தான் இருக்கிறது. அவன் நின்றால் சந்தோஷப்படுவோம். போனாலும் வழியனுப்புவோம். ஒன்று மட்டும் அவனிடம் சொல்லியிருக்கிறோம்: எங்கே நின்று என்ன வேலை செய்தாலும் அதை மறைக்காமல் படம் எடுத்து அனுப்பு.

அறுந்த நூல் பதிந்த சவர்க்காரக் கட்டியில் அம்மம்மா உடுப்புத் தோய்த்து முடித்துவிட்டார். இரும்புத் துண்டு ரீவிக்கு மேலே இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்கிறார்கள். இப்போது எங்களுக்குச் சொல்லத் தெரியும்.