வலைக்கும் கண், தொப்பிக்கும் கண்

என் தோளில் தொங்கும் துணிப் பைக்குள் பாடக் குறிப்பேடு, மூக்குக் கண்ணாடி, வாப்பாவின் கிளினிக் கொப்பி ஆகியவற்றோடு ஒரு வெள்ளை நூற்பந்தும் ஒரு கொக்கி ஊசியும் எப்போதும் கிடக்கும். ஊரில் இது இப்போது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. "சேர், இப்ப என்ன பின்னுறீங்க?" என்று தேநீர்க் கடையில் கேட்பார்கள். அதில் பாதி கேலி, பாதி உண்மையான விசாரிப்பு.

இன்றைக்குக் கையில் மூன்று வேலை இருக்கிறது. ஒன்று, வாப்பாவுக்கு ஒரு தொப்பி. இரண்டாவது, தங்கச்சியின் கைக்குழந்தைக்குக் காலுறை. அதில் ஒரு கால் முடிந்துவிட்டது. மூன்றாவது, உம்மா பின்னிக்கொண்டிருந்த தலையணை உறையின் ரேந்தை. நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் முடித்து, நாலாவதில் நாலு விரல் அகலம் வரை வந்திருந்தா. 2021இல் உம்மா மௌத்தான பிறகு அதை நான் தொடவில்லை. ஊசி குத்தியபடியே பெட்டிக்குள் கிடந்தது.

இந்தப் பின்னலை எனக்குக் கற்றுத் தந்ததும் உம்மாதான். 1990ஆம் ஆண்டு. எனக்குப் பதினொரு வயது. செங்கமாரி வந்து பாயோடு கிடந்தேன். அது எங்கள் கிழக்கு மாகாணத்தில் யாரும் மறக்க முடியாத வருடம். ஆகஸ்ட் மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டு நின்றவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த வாரம் ஏறாவூர். எங்கள் ஊரில் பொழுது பட்டால் கதவு திறப்பதில்லை. கடலுக்குப் போகவும் வழியில்லை. வாப்பா முற்றத்து வேப்பமரத்தடியில் வலையைப் பரப்பி வைத்துக்கொண்டு, பொத்தியதையே திரும்பவும் பொத்திக்கொண்டிருந்தார். உம்மா திண்ணையில் இருந்து தொப்பி பின்னினா. உம்மாவின் தொப்பிக்குப் பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அந்த மாதம் ஒருவரும் வரவில்லை. ஆனாலும் உம்மாவின் கை நிற்கவில்லை. பின்னி முடித்த தொப்பிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தா.

படுத்த படுக்கையில் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் ஒரு நாள் ஊசியைத் தந்து, "இஞ்ச பிடி மனே. சும்மா கிடந்தா கண்டதும் யோசினைதான் வரும்" என்றா. சைக்கிள் கம்பியை அராவிச் செய்த ஊசி அது. முதலில் சங்கிலி. பிறகு சங்கிலியை வளையமாகக் கட்டி, அதற்குள் பன்னிரண்டு கண். அடுத்த சுற்றில் இருபத்துநாலு. அதற்கடுத்ததில் முப்பத்தாறு. "சுத்துக்குப் பன்னிரெண்டு கூட்டு. குறைச்சா கிண்ணம் மாதிரிக் கவிழும், கூட்டினாக் கோவா இலை மாதிரி நெளியும்" என்று உம்மா சொன்னா. பள்ளிக்கூடப் படி மிதிக்காத உம்மா எனக்குச் சொல்லித் தந்த பன்னிரண்டாம் வாய்ப்பாடு அதுதான்.

நாலாவது சுற்றில் இருந்தபோது வாப்பா பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"பொம்புளப் புள்ளயாடா நீ?"

கையிலிருந்த ஊசியைப் பறித்து ஓட்டுக் கூரைமேல் எறிந்தார். ஓட்டில் அது உருண்ட சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. உம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வாப்பா வேப்பமரத்தடிக்குப் போய், வலை ஊசியில் நூலைச் சுற்றத் தொடங்கினார்.

மறுநாள் சுபஹுக்கு எழும்பிப் பார்த்தபோது கொக்கி ஊசி உம்மாவின் பெட்டிக்குள் இருந்தது. கூரையில் ஏறியது யார் என்று உம்மாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் பின்னியதெல்லாம் ஒளித்துத்தான். ஆசிரியர் கலாசாலை விடுதியில் நுளம்பு வலைக்குள் இருந்து, டோர்ச் வெளிச்சத்தில் பின்னுவேன். ஒரு நோன்பு மாதத்தில் அறைத் தோழர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரித்தார்கள்தான். சிரித்து முடிந்ததும் தலையைக் காட்டி அளவெடுக்கச் சொன்னார்கள். அந்தப் பெருநாளைக்கு எங்கள் அறையில் ஐந்து புதுத் தொப்பி.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்து வீட்டையும், உம்மாவின் பெட்டியையும், வாப்பாவின் தோணியையும் வலைகளையும் கொண்டுபோனது. எங்கள் உயிர் மிஞ்சியது, அல்ஹம்துலில்லாஹ். முகாமில் இருந்த நாட்களில் உம்மா இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தா. வெறுங்கையோடு உம்மாவை நான் கண்டது அப்போதுதான். ஒரு மாதம் கழித்து அம்பாறைக்குப் போனபோது, ஒரு சிங்கள நோனாவின் தையற் சாமான் கடையில் ஒரு உருக்கு ஊசியும் நாலு பந்து வெள்ளை நூலும் வாங்கி வந்து மடியில் வைத்தேன். உம்மா அழுதா. பிறகு சங்கிலி போடத் தொடங்கினா. வாப்பா கடலுக்குத் திரும்பவேயில்லை. அவருக்கு யாரும் வலை வாங்கிக் கொடுக்கவில்லை. எனக்கும் அந்த எண்ணம் வரவில்லை. இதை எழுதும்போதுதான் அது உறைக்கிறது.

பின்னல் பெண்களுடைய வேலை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். கொக்கி ஊசிப் பின்னல் பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். ஆனால் இரட்டை ஊசியால் பின்னுவது மிகப் பழையது. இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழைய பின்னலாடைகள் என்று கருதப்படுபவை எகிப்தில் கிடைத்த பருத்திக் காலுறைகள். முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில், 11ஆம் நூற்றாண்டுக்கும் 14ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. நீலமும் வெள்ளையுமான நூலில், சிலவற்றில் கூபி எழுத்தின் சாயலில் கோலம் போட்டிருக்கிறார்கள். ஸ்பெயினில் புர்கோஸ் நகருக்கு அருகிலுள்ள ஒரு மடாலயத்தில், 1275இல் இறந்த ஓர் இளவரசனின் கல்லறைக்குள் பட்டில் பின்னிய தலையணை உறை கிடைத்தது. முஸ்லிம் கைவினைஞர்கள் பின்னியது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதன் ஓரத்தில் அறபு எழுத்தில் 'பறகத்' என்ற சொல். கிறிஸ்தவ இளவரசனின் தலைமாட்டில் யாரோ ஒரு முஸ்லிம் கை பின்னிய பறகத்து! பிற்காலத்தில் ஐரோப்பிய நகரங்களில் பின்னல்காரர் சங்கங்கள் அமைந்தபோது அவற்றின் உஸ்தாதுமார் ஆண்கள்தான். பையன்கள் வருடக் கணக்கில் அவர்களிடம் இருந்து தொழில் பழகினார்கள். இவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? எங்கள் கடற்கரையில் வலை பொத்துகிறவன் ஆம்பிளை. ஊசியும் நூலும் முடிச்சும்தான் அவனுக்கும் வேலை. அவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

போன வருடம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை நுவரெலியாவுக்குச் சுற்றுலா கூட்டிப்போனோம். போகும் வழி நீளமானது. பதுளை கழிந்ததும் பஸ் வளைந்து வளைந்து ஏறத் தொடங்க, பிள்ளைகள் பாட்டை நிறுத்திவிட்டு ஜன்னலோரம் சாய்ந்தார்கள். நான் பையைத் திறந்தேன். பின் ஆசனத்தில் இரண்டு பேர் குசுகுசுத்தார்கள்.

"டேய், சேர் பொம்புள வேல செய்யிறார்டா."

கேட்காத மாதிரி இருந்தேன். ஹக்கல பூங்காவில் இறங்கியபோது குளிர் எலும்பைத் தொட்டது. அந்த இரண்டு பேரும் வழியோரக் கடையில் ஆளுக்கொரு கம்பளித் தொப்பி வாங்கிக் காதுவரை இழுத்துவிட்டிருந்தார்கள். திரும்பி வரும்போது ஒருவனைக் கூப்பிட்டு, அவனுடைய தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைக் காட்டினேன். "இது ஒத்த நூல்டா மகன். நுனியப் பிடிச்சி இழுத்தா முழுத் தொப்பியும் கழண்டு நூலாப் போயிடும்" என்றேன். அவன் பயந்து தொப்பியை வாங்கிக்கொண்டான்.

அடுத்த கிழமை வட்டத்தின் பரிதி பாடம். நான் பின்னிக்கொண்டிருந்த தொப்பியின் வட்டத்தை வகுப்பில் மேசைமேல் விரித்து வைத்தேன். "குறுக்கே ஏழு அங்குலம் வந்ததும் கண் கூட்டுறத நிப்பாட்டிப்போட்டு, நேராகக் கீழ இறக்கவேணும். ஏன் ஏழு?" என்று கேட்டேன். பிள்ளைகள் நூலால் பரிதியை அளந்தார்கள். இருபத்திரண்டு அங்குலம். பிறகு ஒருவன் தலையை மற்றவன் அளந்தான். வளர்ந்த ஓர் ஆளின் தலைச்சுற்று ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். இருபத்திரண்டின் கீழ் ஏழு என்ற எண் அன்று ஒருவருக்கும் தொண்டையில் சிக்கவில்லை. பஸ்ஸில் குசுகுசுத்தவன் பாடம் முடிந்ததும் வந்து, "சேர், என்ட உம்மும்மாவும் இப்படித்தான் பின்னுவா, அவவுக்கு இப்ப கண் தெரியாது" என்றான். "அப்ப நீ போய் ஊசிய வாங்கிப் பழகு" என்றேன். பழகினானோ தெரியாது.

வாப்பாவுக்கு 2023இல் பாரிசவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சு குழறும். மாதம் ஒரு தடவை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். காலை ஆறரைக்குப் போனாலும் நம்பர் அறுபதைத் தாண்டிவிடும். அந்த வாங்கில் இருந்து எத்தனையோ தொப்பி பின்னியிருக்கிறேன். முதல் நாள் பையைத் திறக்கும்போது கை கூசியது. நாற்பத்தைந்து வயதை நெருங்கும் எனக்கு, பக்கத்தில் ஒரு கை விழுந்து இருக்கும் மனிதருக்கு முன்னால் ஊசியை எடுக்கத் தயக்கமாக இருந்தது. வாப்பா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு வந்த மாதங்களிலும் அப்படித்தான்.

இந்த வருடம், நோன்பு முடிந்த கையோடு போன கிளினிக்கில்தான் அது நடந்தது. பதினோராவது சுற்றில் இருந்தேன். ஒரு நர்ஸ் நம்பர் கூப்பிட, நான் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்தேன். வாப்பாவின் இடது கை மெல்ல வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

"ரெண்டு கண் விட்டுட்டாய்."

எண்ணிப் பார்த்தேன். நூற்றி முப்பத்திரண்டு இருக்க வேண்டிய இடத்தில் நூற்றி முப்பது. அவ்வளவு நாளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்த மனிதர், கடைக்கண்ணால் என் சுற்றுகளை எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் வலைக் கண் எண்ணிய கண்கள்!

பின்னியதை இழுத்துக் கழற்றினேன். நூல் சுருண்டு மடியில் விழுந்தது. வாப்பா அதை இடது கையால் எடுத்து, பந்தில் சுற்ற முயன்றார். ஒரு கையால் சுற்ற முடியவில்லை. நான் பந்தைப் பிடித்துக்கொள்ள, அவர் சுற்றினார்.

"வலையில கண் விட்டா மீன் போயிடும்" என்றார். சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. "தொப்பியில விட்டா என்ன போகும்?"

"ஒண்டும் போகா வாப்பா. தலைதான் கொஞ்சம் தெரியும்."

வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

அன்றைக்கு ஓட்டோவில் திரும்பும்போது, கூரைமேல் எறிந்த ஊசியைப் பற்றிக் கேட்டுவிடலாமா என்று நினைத்தேன். ஏணி வைத்து ஏறியது நீங்கள்தானே என்று. கேட்கவில்லை. அந்தச் சைக்கிள் கம்பியை அராவி உம்மாவுக்கு ஊசி செய்து கொடுத்ததும் வாப்பாதான் என்பதைக் கலியாணமான புதிதில் நடந்த கதையாக உம்மா பலமுறை சொல்லியிருக்கிறா. இதற்குமேல் கேட்டு அறிய என்ன இருக்கிறது?

இப்போது அஸருக்குப் பிறகு வாப்பாவைச் சக்கர நாற்காலியில் கடற்கரைக்குத் தள்ளிப்போகிறேன். நூற்பந்து அவருடைய மடியில். நான் மணலில் இருந்து பின்ன, அவர் இடது கையால் நூலை விட்டுவிட்டுத் தருவார். நூல் இறுகினால், "உடு, உடு" என்பார்; கரைவலைக் கயிறு விடுகிறவரைப் போல. தொப்பியின் மேல்வட்டம் முடிந்து பக்கம் இறங்கிக்கொண்டிருக்கிறது. அவருடைய தலை மெலிந்துவிட்டது. இருபத்தொரு அங்குலம்தான் வருகிறது.

போன வெள்ளிக்கிழமை திடீரென்று கேட்டார்:

"உம்மாட அது கிடக்கா?"

"எது வாப்பா?"

"தலையண உறை."

"கிடக்கு. தொட மனசு வரல்ல. என்ட பின்னல் இறுக்கம். உம்மாட கை மாதிரி வராது. தெரியும்."

வாப்பா கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"நான் பொத்தின இடமெல்லாம் தெரியத்தான் தெரிஞ்சிச்சு. மீன் பட்டிச்சுத்தானே."

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு பெட்டியைத் திறந்தேன். உம்மாவின் ஊசி லேசாகத் துருப்பிடித்திருந்தது. அதை அப்படியே கழற்றி வைத்துவிட்டு, என் ஊசியை அந்தக் கடைசிக் கண்ணுக்குள் விட்டேன். இதுவரை மூன்று அங்குலம் வந்திருக்கிறது. உம்மாவின் கை எங்கே முடிந்து என் கை எங்கே தொடங்குகிறது என்பது பார்த்தவுடனே தெரிகிறது. என் மனைவி, "கழற்றிப்போட்டுக் கொஞ்சம் இளக்கிப் பின்னுங்களன்" என்கிறாள். கழற்றுவதாக இல்லை. முடிந்ததும் அந்த உறையை வாப்பாவின் தலையணைக்குத்தான் போட வேண்டும், இன்ஷா அல்லாஹ். குழந்தையின் மற்றக் காலுறை கொஞ்சம் பொறுக்கட்டும்.