அப்பா அடித்தார், மகனும் அடித்தார்

பேஸ்பால் விதிகள் தெரியாதவர்களுக்கும் கென் கிரிஃபியின் கதையைச் சொல்ல ஆசைப்படுவேன். அப்பா, மகன் இருவருக்கும் அதே பெயர்தான். சீனியர், ஜூனியர் என்று சொல்லித்தான் பிரித்தறிய வேண்டும்.

சீனியர் 1975, 1976 இரண்டு ஆண்டுகளும் சின்சினாட்டி ரெட்ஸ் அணியோடு, பேஸ்பாலின் உச்சப் போட்டியான உலகத் தொடரை வென்றவர். அந்த அணியின் ஓய்வறையில் ஓடியாடி வளர்ந்த பிள்ளை ஜூனியர்.

1990 ஆகஸ்ட் 31 அன்று இருவரும் சியாட்டில் மரைனர்ஸ் அணிக்காகச் சேர்ந்து ஆடினார்கள். அப்பாவுக்கு வயது 40, மகனுக்கு 20. அமெரிக்க பேஸ்பாலின் மேஜர் லீக் வரலாற்றில் தந்தையும் மகனும் ஒரே அணியில் ஆடியது அதுவே முதல்முறை. இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் 14 அன்று, கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸுக்கு எதிராக அப்பா பந்தை எல்லைக்கு வெளியே விரட்டி ஒரு ஹோம் ரன் அடித்தார். அடுத்து மட்டை பிடித்த மகனும் அடித்தார்!

பின்னாளில் மகன் 630 ஹோம் ரன்களைத் தொட்டார். அப்பாவின் கணக்கு 152. 2016இல் 99.3 சதவீத வாக்குகளோடு ஜூனியர், பேஸ்பாலின் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தார். ஆனால் அப்பா இருமுறை வென்ற உலகத் தொடரில் அவர் ஒருமுறைகூட ஆடியதில்லை.

ஆகவே யார் பெரியவர் என்ற கேள்வியே எனக்கு எழவில்லை. ஒரே துறையில் இருக்கும் அப்பாவும் பிள்ளையும் போட்டியாளர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். சேர்ந்தும் நிற்கலாம். தன்னைத் தாண்டப்போகும் பிள்ளையின் பக்கத்தில் நின்று ஆடக் கிடைத்ததைவிட ஒரு தகப்பனுக்கு வேறென்ன வெற்றி வேண்டும்?