அழுகையை வைத்துக்கொண்டார்கள்

ஏப்ரல் 14 நெருங்கினால்தான் பல இடங்களுக்கு நம்மைப் பற்றிய நினைப்பு வருகிறது. அப்படித்தான் ஒரு வானொலி நிலையம், தன் காலை நிகழ்ச்சியில் ஆறு நாள் தலித் இலக்கியம், தலித் வாழ்க்கை பற்றிப் பேச என்னை அழைத்தது. மூன்று நாள் நூல் விமர்சனம், இரண்டு நாள் நேர்காணல், சனிக்கிழமை நேயர்களோடு நேரடிப் பேச்சு. பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் நடுவே நாளுக்குப் பத்து நிமிடம். டீக்கடையிலும் பஸ்ஸிலும் கேட்கிற பத்து நிமிடத்தை வேண்டாமென்று தள்ளும் வசதி நமக்கு இல்லை. போனேன்.

திங்கட்கிழமை பாமாவின் 'கருக்கு'. 1992இல் வந்த நூல். "இதுல வர்ற பேச்சுத் தமிழ் எல்லா நேயர்களுக்கும் புரியுமா சார்?" என்று கேட்டார் நிகழ்ச்சி நடத்துபவர். அக்ரகாரத்துப் பேச்சில் எழுதிய கதைகளை நம்ம பிள்ளைகள் அகராதி இல்லாமல்தானே படித்தார்கள், அப்போது யாரும் இதைக் கேட்கவில்லையே என்றேன். சிரித்தார். ஒலிபரப்பில் அது வந்தது.

செவ்வாய்க்கிழமை ஒரு பறைக் கலைஞர். தோலைக் காய்ச்சாமல் பறை பேசாது. உள்ளே நெருப்பு மூட்ட முடியாதென்று வாசலில் காகிதத்தைக் கொளுத்திக் காய்ச்சினார். குளிரூட்டிய அறைக்குள் வந்ததும் தோல் தளர்ந்துபோனது. மறுபடியும் வாசலுக்கு ஓடினார். "பறைன்னு வேணாம், தப்பாட்டம்னே சொல்லுவமே" என்றார்கள். பேரில் சாதி இருக்கிறதாம். "பேர மாத்துனா அடி மாறுமாய்யா?" என்றார் அவர். சாவுக்கு அடிப்பதை ஏன் விட்டார் என்று அவர் சொன்னதில் பாதிதான் காற்றில் போனது. அடித்துக் காட்டியது முழுசாகப் போனது.

புதன்கிழமைதான் விஷயமே. நகரத்தில் ஒப்பந்தத்தில் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு அம்மா. இருபத்தைந்து நிமிடம் பதிவு செய்தோம். அண்ணன் மகன் பாதாளச் சாக்கடையில் இறங்கிச் செத்ததைச் சொல்லும்போது அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: "நாங்க அருந்ததியரு. இந்தக் குழிக்குள்ள எறங்க வேற சாதியில யாரையாச்சும் கூப்பிட்டிருக்காகளா? அதுக்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லு தம்பி."

மறுநாள் காலை ஆறு நிமிடம் வந்தது. அழுகை இருந்தது. அதற்குப் பின்னால் சோகமான வீணை இசையும் சேர்த்திருந்தார்கள். கேள்வி இல்லை. ஏனென்று கேட்டதற்கு, "சாதிப் பேரு வர வேணாமேன்னு பாத்தோம் சார், மத்தபடி ரொம்ப உருக்கமா இருந்துச்சு" என்றார்கள்.

மலம் அள்ளவைப்பதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தர வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் அதை முப்பது லட்சமாக்கியது. இத்தனை ஏட்டில் ஏறியும் குழிக்குள் இறங்குகிறவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பது மாறவில்லை. அதைத்தான் அந்த அம்மா ஒரே வரியில் கேட்டார். நம் கண்ணீர் அவர்களுக்கு வேண்டியிருக்கிறது, கேட்டு உருகலாம். நம் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டுமே!

வியாழன் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்'. புதிரை வண்ணார் வாழ்க்கையைச் சொல்லும் 1994ஆம் ஆண்டு நாவல். தலித்துக்குள்ளேயே மேல்கீழ் இருப்பதை எழுதலாமா என்று நமக்குள் சண்டை போட்டோமே, அதைப் பற்றிப் பேசினேன். ஒரு வார்த்தை வெட்டவில்லை. நம்மை நாமே விமர்சித்தால் யாருக்கும் ஆட்சேபணை கிடையாது.

வெள்ளிக்கிழமை 'சாதி ஒழிப்பு'. 1936இல் லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல் மாநாட்டுக்காக அம்பேத்கர் எழுதிய தலைமையுரை. சில பகுதிகளை எடுக்கச் சொன்னார்கள், மறுத்தார், மாநாடே நின்றது. பேசாத அந்தப் பேச்சைத் தன் செலவில் அச்சடித்தார். இன்றுவரை நாம் படிக்கிறோம். அன்றைக்கு அழைத்தவர்கள் சாதியை எதிர்க்க வந்தவர்கள்தான் என்பதை மட்டும் அழுத்திச் சொன்னேன்.

அன்று மாலை அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். நாளைக்கு நேரடி ஒலிபரப்பு, வெட்ட முடியாது, உங்கள் கேள்வியை நான் கேட்கட்டுமா என்றேன். யோசித்தார். "கேளு தம்பி. எம் பேரு மட்டும் வேணாம். சூப்பர்வைசரு வேலைய விட்டு எடுத்துருவான்."

சனிக்கிழமை அவர் சொன்ன வார்த்தையிலேயே கேட்டேன். எதிரில் இருந்தவர் தாளைப் புரட்டினார். ஒரு பாட்டுப் போட்டார்கள். அதற்கப்புறம் பேசிய நான்கு நேயர்களில் ஒருவர் மட்டும், ஓய்வுபெற்ற ஆசிரியர், "அந்தக் கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்லீங்க" என்றார். அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த நேர்மையான விமர்சனம் அதுதான்.

ஆனாலும் கேள்வி போனது என் குரலில். வேலை போகுமென்ற பயத்தில் அந்த அம்மாவின் குரல் வீட்டிலேயே இருந்துவிட்டது. அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொல்லிவிட்டது. தொண்டு அமைப்புகளும் சமுதாய வானொலி நடத்தலாமென்று 2006இல் விதி வந்தது. இன்றைய தெலங்கானாவில் சகீராபாத் பக்கம் தலித் பெண்கள் 2008இல் 'சங்கம் ரேடியோ'வைத் தொடங்கினார்கள். ஒலிப்பதிவும் தொகுப்பும் அவர்கள் கையில். எதை வைப்பது, எதை அறுப்பது என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள்.

தோழர்களே, பத்திரிகை நடத்தக் கற்றோம், மேடை போடக் கற்றோம். கத்தரிக்கோல் யார் கையில் என்பதை இனி காற்றிலும் கேட்க வேண்டும். அந்த அம்மாவின் இருபத்தைந்து நிமிடமும் என் கைப்பேசியில் அப்படியே இருக்கிறது. அவர் பயமில்லாமல் தன் பேரைச் சொல்லிப் பேசும் நிலையம் ஒன்று வேண்டும். அதைக் கட்டுவது நம் வேலை.