போதும் என்றவர்

அமெரிக்காவின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் கோஷ்டி என்றால் எனக்கு உயிர்! பந்தை எறிகிறவருக்குப் 'பிட்சர்' என்று பெயர். 1981-ல் வானத்தை அண்ணாந்து பார்த்தபடியே எறிந்து அசத்திய பெர்னாண்டோ வலென்ஸுவேலா உள்பட எத்தனையோ பிட்சர்கள்! ஆனாலும் என் மனம் போய் நிற்பது, இடது கைக்காரரான ஸாண்டி கோஃபாக்ஸிடம்தான்.

1965 உலகத் தொடரின் முதல் ஆட்டம், யூதர்களின் புனித விரத நாளில் வந்தது. யூதரான அவர் ஆடவில்லை. ஆனால் ஏழாவது ஆட்டத்தில், இரண்டே நாள் ஓய்வுக்குப் பின் வந்து, எதிரிகளை ஒரு ரன்கூட எடுக்கவிடாமல் ஜயித்துக் கொடுத்தார்!

முழங்கையிலோ தீராத வாத வலி. ஆட்டம் முடிந்ததும் கையை ஐஸ் தண்ணீரில் அமிழ்த்திக்கொள்வார். 1966-ல் 27 வெற்றிகள். அந்த வருஷமே, 30 வயதில், விலகிவிட்டார்.

"இன்னும் இரண்டு வருஷம் ஆடக் கூடாதா?" என்று ரசிக மனம் அடித்துக்கொள்ளும். நமக்கென்ன? வலி அவருக்கல்லவா! கைதட்டல் ஓய்ந்த பிறகும், அந்தக் கையோடுதானே அவர் வாழவேண்டும்?