குதிரை வெளியே, நாம் உள்ளே

குறிகட்டுவான் துறையில் படகேறினால் ஏறக்குறைய ஒரு மணிநேரத்தில் நெடுந்தீவு. இறங்கி நடக்கத் தொடங்கியதும் ஒழுங்கையின் இரு பக்கமும் கல்வேலி கூடவே வருகிறது. சாந்து பூசாமல், நெஞ்சளவு உயரத்துக்கு அடுக்கிய சாம்பல்நிற முருகைக்கற்கள்.

குதிரைக்கு எந்த வேலி ஏற்றது என்று எழுதுவதற்காகவே போயிருந்தேன். குதிரையை உள்ளே நிறுத்தி வைப்பது எப்படி என்பதுதான் பண்ணைக்காரர்களின் கவலை. நெடுந்தீவில் கதை தலைகீழ். குதிரைகள் வெளியே திரிகின்றன. வேலிக்குள் இருப்பது மனிதரும் பயிரும்.

ஐரோப்பியர் ஆட்சியில் இங்கே குதிரை வளர்த்தார்கள். தீவுக்கு டெல்ஃப்ட் என்று பெயரிட்டவர்கள் ஒல்லாந்தர். ஆண்டவர்கள் போய்விட்டார்கள், குதிரைகள் தங்கிக் காட்டுக்குதிரைகளாகிவிட்டன. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்த எல்லை குதிரைக்கு எங்கே தெரியும்? தண்ணீர் வற்றும் மாதங்களில் ஊருக்குள் வந்துவிடுகின்றன.

ஒரு வளவின் ஓரத்தில் பெரியவர் ஒருவர் சரிந்த வேலியைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"முந்தநாள் ராத்திரி வந்ததுகள் தம்பி. கிணத்தடி மணந்திருக்கும்."

ஒரு கல்லை எடுத்துக் கையில் இரண்டு தரம் உருட்டிப் பார்த்தார். அடுக்கில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். ஆடியது. எடுத்துவிட்டு, வேறு பக்கம் திருப்பி வைத்தார். இப்போது ஆடவில்லை. கீழே இரண்டு கற்கள் சேரும் இடத்தை அந்த ஒரு கல் மூடியிருந்தது. "மூட்டுக்கு மேலை மூட்டு வரக் கூடாது. வந்தால் ஒரு கல் போக வேலி முழுக்கப் போகும்."

ஏன் கல் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் அலவாங்கை நீட்டினார். குத்தினேன். ஒரு சாண் இறங்குவதற்குள் 'டங்' என்றது. யாழ்ப்பாணத்தில் கிளுவையோ பூவரசோ கதியால் நட்டு, ஓலை வைத்து வேலி அடைப்பார்கள். இங்கே கதியால் இறங்க மண் இல்லை. நிலத்தைத் துப்புரவாக்கினால் கல்தான் வருகிறது. அதை எல்லையில் குவித்தால் வேலி.

கடலில் முருகைக்கல் அகழச் சட்டத்தில் தடை உண்டு. அதனால் குறைந்த கல்லுக்குப் பக்கத்து வெறும் வளவுதான் கதி. "அவையள் கனடாவிலை. போன் எடுத்துக் கேட்டிட்டுத்தான் எடுக்கிறனான்."

எதிர்வளவில் முள்ளுக்கம்பி ஓடியது. பெரியவர் தலையை ஆட்டினார். "மாட்டுக்கு அது சரி. குதிரை வெருண்டால் கம்பியைக் காணாது."

உண்மைதான். தலையின் இரு பக்கமும் கண் வைத்த விலங்கு அது. தன்னைச் சுற்றிக் கிட்டத்தட்ட 350 பாகை வரை பார்க்கும். ஆனாலும் வெருண்டு ஓடும்போது மெல்லிய கம்பி அதன் கண்ணில் படாது. கால் சிக்கினால் நின்று யோசிக்காமல் இழுக்கும்; தோலும் தசைநாரும் கிழியும். குதிரைப் பண்ணைகளில் பலகை வேலி போடுவதும், கம்பிக்குப் பதில் அகலமான வெள்ளை நாடா இழுப்பதும் இதனால்தான். கல்வேலிக்கு அந்த வேலையே இல்லை. தூரத்திலிருந்தே தெரியும்.

வளவின் மூலையை அவர் கூராக விடாமல் வளைத்திருந்தார். உள்ளே புகுந்த குதிரையைத் துரத்தும்போது மூலையில் மாட்டினால் திரும்பி உதைக்குமாம். பண்ணைகளிலும் மூலையை வளைப்பார்கள். அங்கே, வலிய குதிரை எளியதை மூலையில் ஒடுக்கிக் கடிக்கும் என்ற பயம்.

வேலிக்கு வெளியே ஒரு சீமெந்துத் தொட்டி இருந்தது. கிணற்றிலிருந்து அள்ளி ஊற்றுகிறார். "நான் முதல் வைச்சது இந்தத் தொட்டியைத்தான். தாகத்தோடை வாறதுக்கு எந்த வேலியும் காணாது."

வெயில் சாய்ந்தபோது குட்டியோடு ஒரு பெட்டைக்குதிரை வந்தது. குடித்து முடித்து, கழுத்தை வேலியில் தேய்த்தது. மேற்கல் ஒன்று கழன்று மண்ணில் விழுந்தது. குதிரை துள்ளி விலகியது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. சாந்து பூசாததன் பொருள் அப்போது விளங்கியது.

கல்லை எடுத்து வைக்க நான் எழுந்தேன்.

"இருங்கோ தம்பி. குட்டி இன்னும் குடிச்சு முடியேல்லை."