மறையாத் தெறிவினைகள்
பிறந்த மகவின் தலை திடீரெனப் பின்சரியின், அது கைகளை விரித்து அலறும். 1918இல் ஏர்ணஸ்ற் மோரோ என்னும் குழந்தை வைத்தியர் விவரித்த இத்தெறிவினை, மூளை முதிர முதிர, ஏறத்தாழ ஆறு மாதங்களுள் அடங்கிவிடும்.

அடங்காது எஞ்சிய தெறிவினைகளே பிள்ளையின் கவனச் சிதறலுக்குக் காரணமென்றும், முள்ளந்தண்டை மென்மையாய் அழுத்திச் சீராக்கலாமென்றும் கைரோபிராக்டிக் முறையினர் சிலர் கூறுவர். 1895இல் அமெரிக்காவிலே தோன்றிய முறை அது. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், சிறுவரின் முள்ளந்தண்டைக் கையாளும் சிகிச்சைகளை ஆராய்ந்து 2019இல் அறிக்கை வெளியிட்டது. கடுந்தீங்குக்குச் சான்று மிக அரிதாகவே கிடைத்தது. பயனுக்கோ வலிய சான்று கிடைக்கவில்லை.

தீங்கு அரிதென்பதாற் பயன் உண்டென்று ஆகிவிடாது. உரிய காலங் கடந்தும் மறையாத தெறிவினை, நரம்பியற் குறையின் அறிகுறியாகவும் இருக்கலாம். மென்மையான தடவலிலே நாட்கள் கழியுமாயின் அக்குறை அறியப்படாதே போகும். பெற்றோரின் தவிப்பு பழிக்கத்தக்கதன்று. ஆயினும், அவர்கள் முதலில் நாடவேண்டியது குழந்தை வைத்தியரையே.